நாம் சொன்ன பதில்கள் எங்கே போயின?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கர்ப்பகாலப் பரிசோதனைக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, வெள்ளைக் கோட்டு அணிந்த ஓர் இளம்பெண் கையில் காகிதக் கட்டுடன் வந்து, "அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வயது என்ன, எத்தனையாவது பிரசவம், வீட்டில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, இரும்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வாள். கடைசியில் ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாதவர் கட்டை விரல் ரேகை வைப்பார். அவள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவாள். நாமும் மறந்துவிடுவோம்.

அந்தப் பதில்களெல்லாம் எங்கே போயின என்று என்றாவது யோசித்ததுண்டா?

என் அக்காவின் பெண் நர்ஸிங்கில் மேற்படிப்பு படிக்கிறாள். பென்னலூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் தனியார் கல்லூரி ஒன்றுக்குப் போய் வருகிறாள். அவள் மூலமாகத்தான் எனக்கு இந்த விஷயம் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து நாலு பேரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் டாக்டர் மேற்படிப்போ நர்ஸிங் மேற்படிப்போ படிக்கிறவர்கள், பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, நோயாளிகளிடம் கேட்டு, சோதித்து, ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுக்க வேண்டும். சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988-ல் செயல்படத் தொடங்கியது. மருத்துவம், பல் மருத்துவம், நர்ஸிங், மருந்தியல், சித்தா என்று பல துறைக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. அந்தக் கல்லூரி மாணவ மாணவிகள் எழுதும் ஆய்வேடுகள் பல்கலைக்கழகத்துக்குத்தான் போய்ச் சேரும். நம்மிடம் வாங்கிய பதில்களும் அவற்றோடு அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

முன்பெல்லாம் அவை பைண்டு செய்யப்பட்டு, தங்க எழுத்து பொறித்து, அலமாரியில் ஏறிவிடும். அடுத்த மாணவி அதைப் பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து குறிப்பு எடுக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கிண்டிக்குப் போவதென்றால் பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி, போரூர் நெரிசலையும் தாண்டிப் போய்வர ஒரு பகல் சரியாகப் போய்விடும். திருநெல்வேலியிலோ கிருஷ்ணகிரியிலோ படிக்கிற பெண் என்ன செய்வாள், பாவம்!

இப்போது அந்தக் கஷ்டம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பல்கலைக்கழகம் தன் ஆய்வேடுகளை ஆயிரக்கணக்கில் இணையதளத்தில் ஒரு களஞ்சியமாக ஏற்றி வைத்திருக்கிறது. ஆண்டுவாரியாகவும் பாடவாரியாகவும் தேடலாம். இதில் எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், மாணவிகள் மட்டுமல்ல, நீங்களும் நானும்கூடக் காசு கொடுக்காமல் அதைத் திறந்து படிக்கலாம் என்பதுதான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தண்டலத்திலும் போரூரிலும் இருக்கும் பெரிய மருத்துவக் கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவை. அவர்களுக்குத் தனிப் பட்டம், தனி நூலகம். ஆகவே அவர்களுடைய ஆய்வேடுகளைக் கிண்டிக் களஞ்சியத்தில் தேடக் கூடாது.

அக்கா பெண் எடுத்துக்கொண்ட விஷயம், பிள்ளை பெற்ற சில நாட்களில் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிப்பது. ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் போனில் பழைய ஆய்வேடுகளைத் தேடிக்கொண்டிருந்தவள், "சித்தி, இங்க பாருங்களேன், முட்டைக்கோஸ் இலை!" என்றாள். குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை மார்பின் மேல் வைத்தால் வலி குறைகிறதா என்று நம் தமிழ்நாட்டு நர்ஸிங் மாணவிகள் தாய்மார்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில்! பீட்ரூட், பேரீச்சை, வெந்தயம் என்று நம் அடுப்படிச் சாமான்கள் பலவும் அந்தத் தலைப்புகளில் அடிபடுகின்றன.

நான் ஸ்கூல் படிப்போடு நின்றவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கே தமிழில் இருந்தது. தாய்மார்களிடம் கேட்ட கேள்விகளும் சம்மதப் படிவமும் அப்படியே தமிழில் அச்சாகியிருந்தன. கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு, கைரேகைக்கு ஓர் இடம். அட, இது நம்மவர்கள் பேசின பேச்சு அல்லவா என்று தோன்றியது.

ஆனால் நாற்பது ஐம்பது தாய்மார்களை வைத்து ஓர் ஆஸ்பத்திரியில் செய்த சோதனையை மட்டும் நம்பி முடிவுக்கு வரலாமா? கூடாது. அதற்குத்தான் இதே மாதிரிச் சோதனைகள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து நிறுத்துப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிற உலக அமைப்பின் பெயர் காக்ரேன். 1993-ல் ஆரம்பித்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் அதற்கு ஒரு மையம் அமைந்தது. முட்டைக்கோஸ் இலையைப் பற்றி 2020-ல் அவர்கள் பார்த்த கணக்குப்படி, குளிர்ந்த இலை வலியைக் குறைக்கக்கூடும், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று பலமாக இல்லை. எவ்வளவு நிதானமான பதில் பாருங்கள்! குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுத்துக் கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வைத்தியம்.

இப்படிச் சேர்த்துப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஓர் உதாரணம் உண்டு. மாதம் நிறையாமல் பிரசவ வலி கண்ட தாய்க்கு ஸ்டிராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்பதை நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் 282 தாய்மார்களிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டார்கள். பிறகு மற்ற இடங்களிலும் அதே சோதனை நடந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பத்திரிகையில், ஒவ்வோர் அலமாரியில் கிடந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, அமெரிக்க நிபுணர் குழு ஒன்று இந்த ஊசியைப் பரவலாகப் போடலாம் என்று சொன்னது 1994-ல்! நடுவில் 22 வருஷம். அதற்குள் எத்தனை தொட்டில்கள் காலியாகிப் போயிருக்கும்! காக்ரேன் அமைப்பு இந்தக் கணக்கின் வரைபடத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டிருக்கிறது. நூலகத்தில் ஒரு காகிதம் கண்ணில் படாமல் போனால் அதற்கு உயிர்தான் விலை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

உலகத்து மருத்துவக் கட்டுரைகளின் பட்டியல் 1879 முதல் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற பெயரில் தடித் தடிப் புத்தகங்களாக அமெரிக்காவில் அச்சாகி வந்தது. 2004-ஓடு அந்த அச்சு நின்றுவிட்டது. அதற்குள் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. 'பப்மெட்' என்ற பெயரில் 1997-லிருந்து இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இன்று 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அதில் இருக்கின்றன.

அதில் எங்கள் கண்ணில் பட்டது ஒன்றைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் சுரப்பை நிறுத்த மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டுவது நம் பாட்டிமார் வழக்கம் அல்லவா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அதையே புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து, 1988-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். பால் சுரப்பையும் வலியையும் கட்டுப்படுத்துவதில் மல்லிகை மாத்திரைக்குச் சமமாக நின்றது என்பது அவர்கள் கண்டது. பாட்டி ஒன்றும் அறியாமல் செய்யவில்லை!

அதே கட்டுரை இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. 1988-ல் வழக்கமாகக் கொடுத்துவந்த அந்த மாத்திரையை, பால் நிறுத்துவதற்காகக் கொடுப்பது அமெரிக்காவில் 1990-களின் நடுவில் கைவிடப்பட்டது. பிள்ளை பெற்ற சில பெண்களுக்கு வலிப்பு, பக்கவாதம், மாரடைப்பு போன்ற ஆபத்துகள் நேர்ந்ததாகத் தெரியவந்ததே காரணம். பழைய பக்கத்தை மட்டும் படித்து நிறுத்திக்கொண்டவருக்கு இது தெரியாது. நூலகத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வது வெறும் ஆடம்பரத்துக்காக அல்ல.

பப்மெட்டில் பெரும்பாலும் சுருக்கம்தான் இலவசம். முழுக் கட்டுரையைப் படிக்க நிறையப் பணம் கேட்பார்கள். இதற்காக மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒரு திட்டத்தை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு, 2025 ஜனவரி 1 முதல் நடத்தி வருகிறது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 பத்திரிகைகள். மருத்துவம் மட்டுமின்றி எல்லாத் துறைகளும் இதில் அடக்கம். அரசு நடத்தும் 6,300 கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இதன் பலன் கிடைக்கும் என்று அறிவித்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் என் அக்கா பெண் படிப்பது தனியார் கல்லூரி. "சர்க்கார் காலேஜ்ல படிக்கிற என் சிநேகிதிக்குத் திறக்கிற பக்கம் எனக்குத் திறக்கலையே சித்தி" என்று அவள் சொன்னபோது மனசு கஷ்டப்பட்டது. படித்துவிட்டு இருவரும் ஒரே வார்டில்தானே வேலை பார்க்கப் போகிறார்கள்? வார்டில் படுத்திருக்கும் தாய்க்கு எந்த நர்ஸ் எந்தக் காலேஜ் என்று தெரியுமா? முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு என்றால், அடுத்த கட்டத்திலாவது இந்தப் பெண்களுக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி, நமக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். எங்கள் பென்னலூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்க வெளி மாவட்டங்களிலிருந்து வந்த பெண் பிள்ளைகள் நிறைய. எங்கள் மாடியிலும் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். கையில் போன் இல்லாத பெண் இல்லை. தலை சுற்றினாலும் மாதவிலக்கு தள்ளிப்போனாலும் முதலில் போனைத்தான் கேட்கிறார்கள். யாரோ ஒருவர் வீடியோவில் சொன்னதைக் கேட்டுக் கஷாயம் வைக்க என்னிடம் பாத்திரம் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காக அக்கா பெண்ணைக் கேட்டு மூன்று விஷயங்களைத் தமிழில் எழுதி மாடிப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று, சொன்னது யார்? ஆஸ்பத்திரியா, பல்கலைக்கழகமா, சாமான் விற்கிறவரா?

இரண்டு, எந்த ஆண்டு சொன்னது? அதற்குப் பிறகு யாராவது மாற்றிச் சொல்லியிருக்கிறார்களா?

மூன்று, எத்தனை பேரிடம் பார்த்துச் சொன்னது? ஒருத்தருக்கு நடந்ததா, ஐம்பது பேருக்கா, ஆயிரம் பேருக்கா?

காக்ரேன் கட்டுரைகள் சிலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலேயே கிடைக்கிறது என்பதையும் கீழே எழுதி வைத்தேன். படித்ததை டாக்டரிடம் கொண்டுபோய் வாதாடச் சொல்லவில்லை. "டாக்டர், இப்படிப் படித்தேன், எனக்கு இது பொருந்துமா?" என்று பணிவாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் அவரைக் கேட்டுத்தான்.

ஆஸ்பத்திரியில் காகிதக் கட்டோடு வருகிற பெண்ணிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். பேசி முடித்ததும், "உன் ஆராய்ச்சித் தலைப்பை ஒரு சீட்டில் எழுதிக் கொடும்மா, முடிவு எப்போ வரும்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் கேட்கக் கூடாத கேள்வி அல்ல அது. மாடியில் இருக்கும் பெண்களில் ஒருத்தி போன வாரம் ரத்தச் சோகைப் பரிசோதனைக்குப் போனபோது அப்படிக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். அந்தச் சீட்டு இப்போது அவள் அறைச் சுவரில் இருக்கிறது. முடிவு வரட்டும், நாங்கள் எல்லோருமாக உட்கார்ந்து படிக்கப் போகிறோம்.