கச்சான் சுருளில் வந்த அடையாள அட்டை

சில மாதங்களுக்கு முன்னர் வாடிக்கையாளர் ஒருவர் கசங்கிய காகிதமொன்றை எனது மேசையில் விரித்து வைத்தார். தவணைக்கு பிரிஜ் எடுத்த பெண்மணி ஒருவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி. மூலையில் எமது கடை முத்திரை. பஸ் நிலையத்தில் கச்சான் சுற்றிக் கொடுத்தார்களாம். “ஹாஜியார், நான் தந்த கொப்பி எந்தச் சுருளில போனதோ?” என்றார். பழைய பைல்களை நிறுத்து விற்றது நாங்கள்தான்.

வெறும் இலக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1992இற்குப் பின் 568 வந்தால், அவர் மார்ச் 8இல் பிறந்த பெண். பக்கத்தில் நாம் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைக்கிறோம். “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று பிறந்த திகதியையும் சரியாகச் சொல்பவனை யார்தான் நம்பமாட்டார்?

கணினி இன்னும் ஆபத்து. காசுக்கு ஒரு மின்குமிழ் வாங்குபவரிடமும் தொலைபேசி இலக்கம் கேட்கிறோம். எதற்கு? கடைப் பையன்களின் வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் வீட்டு விலாசங்கள் கிடக்கின்றன. சீசீரீவி பூட்டியவர் போட்ட கடவுச்சொல்லை இன்னும் மாற்றாத முதலாளிமார் எத்தனை பேர்! நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

கடனை எழுதி வைக்குமாறு சூரா பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. எழுதியதை ஊருக்குக் காட்டுமாறு பணிக்கவில்லை. நாட்டுச் சட்டமும் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தேவைக்கு வேண்டியதை மாத்திரமே பெறலாம். தேவை முடிந்த பின் வைத்திருக்கலாகாது. தண்டம் ஒரு கோடி ரூபா வரை செல்லலாம்.

இப்போது காசு வியாபாரத்துக்கு இலக்கம் கேட்பதில்லை. அட்டைப் பிரதியின் குறுக்கே ‘தவணைக் கொள்வனவுக்கு மாத்திரம்’ என்று திகதியுடன் எழுதுகிறோம். கடைசித் தவணை கட்டியதும், கணக்குக்குத் தேவையான பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, அட்டைப் பிரதியை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறோம். கணினியில் ஒவ்வொரு ஊழியருக்கும் வெவ்வேறு கடவுச்சொல். வேலையை விட்டுப் போனால் அன்றே அது நிறுத்தப்படும். கொஞ்சம் கரைச்சல்தான். செலவு என்று பெரிதாக எதுவுமில்லை.

அந்தப் பெண்மணியின் வீட்டுக்குப் போய் விடயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அந்தப் பைலில் இன்னும் எத்தனை பேருடைய பிரதிகள் இருந்தன என்று கேட்டார். என்னிடம் கணக்கிருக்கவில்லை.