வாப்பாவின் மீற்றர் கோல்

என் வாப்பா புடவை வியாபாரி. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கல்முனை வீதியால் மோட்டார் சைக்கிளில் போய், குருக்கள்மடத்தில் வீடு வீடாக விற்பார். கடந்த மாதம் அங்கே ஒரு வாடிக்கையாளர், மகளின் கல்யாணத்துக்கு எடுத்த உடுப்புகளுக்குக் காசோலை தந்தார். அந்தப் பணம் வந்தால்தான் கொழும்பு மொத்த வியாபாரியின் கடனை வாப்பா தீர்க்கலாம்.

வங்கியில் போட்டுவிட்டு வந்தவர் யோசனையோடு என்னிடம் கேட்டார்: "செக் இங்கேயே நிக்குதாம் மகள், படம்தான் கொழும்புக்குப் போகுதாம். இடையில யாராவது ஒரு சைபரைக் கூட்டினா?"

நல்ல கேள்வி. இலங்கையில் 2006ஆம் ஆண்டிலிருந்து காசோலைகள் இப்படித்தான் படமாகப் பயணிக்கின்றன. தென்னாசியாவில் இம்முறையை முதலில் கொண்டுவந்த நாடு நமது நாடே. படத்தைக் காப்பது இலத்திரனியல் ஒப்பம். அந்த ஒப்பத்தின் அடித்தளம் 'ஹாஷ்' என்னும் கணக்கு.

ஹாஷ் என்பது ஒரு கோப்பின் கைரேகை. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் எஸ்.எச்.ஏ-256 என்ற முறை 256 பிற்றுகள் கொண்ட ஓர் எண்ணையே தரும். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. அதுபோல, அந்த எண்ணிலிருந்து கோப்பைத் திரும்பப் பெறவும் முடியாது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். அனுப்புபவர் அந்தக் கைரேகையைத் தன் இரகசியச் சாவியால் ஒப்பமிடுகிறார். பெறுபவர் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுகிறார். சைபரைக் கூட்டியவர் அங்கே அகப்படுவார்.

இந்தக் கணக்கு இலேசானதல்ல. கோப்பை 64 பைற்றுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்றுகள் கலக்க வேண்டும். 64 கிலோபைற்றுப் படம் ஒன்றுக்கே 65,000க்கும் மேற்பட்ட சுற்றுகள்! ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தால் கணினி திணறும். அதனால் இந்த வேலைக்கென்றே வன்பொருள் செய்தார்கள். சில முறைவழியாக்கிகளுக்குள்ளேயே இதற்கான தனிக் கட்டளைகள் உண்டு; இன்ரெல் நிறுவனம் தன் கட்டளைகளை 2013இல் அறிவித்தது. வேறு சில கணினிகளில் இதற்கெனத் தனிச் சில்லே இருக்கும்.

ஆனால் சில்லுடன் பேச ஒருவர் வேண்டுமே? பணிசெயல் முறைமையின் மையப் பகுதி கேர்னல். அதற்கும் சில்லுக்கும் இடையே தூது போகும் மென்பொருள்தான் 'சாதன இயக்கி'. லினக்ஸ் கேர்னல் ஒரே கணக்கைச் செய்யக்கூடிய பலரைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் முன்னுரிமை எண் கொடுக்கிறது. சாதாரண மென்பொருளுக்குக் குறைந்த எண், வேகமான வன்பொருளுக்குப் பொதுவாகக் கூடிய எண். எண் கூடியவரே வேலைக்கு அழைக்கப்படுவார்.

தனிச் சில்லு எப்போதும் இலாபமானதும் அல்ல. சின்னக் கோப்பைச் சில்லுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் நேரத்தில் மென்பொருளே கணக்கை முடித்துவிடும். ஒரு தேசிக்காய் வாங்கக் குருக்கள்மடத்திலிருந்து காத்தான்குடிக்கு பஸ் ஏறுவது போன்றது அது.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விடயம். வேகமான சில்லு பிழையாகக் கணக்கிட்டால்? சரியான காசோலையும் பொய்யாகத் தெரியும். அதனால் லினக்ஸில் ஒரு சோதனைப் பகுதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், புதிய இயக்கி பதிவாகும்போதே விடை தெரிந்த கேள்விகள் அதனிடம் கேட்கப்படும். விடை பிழைத்தால், எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்கு வேலை இல்லை.

வேகத்தால் பழுதான முறையைக் காப்பாற்றவும் முடியாது. எஸ்.எச்.ஏ-1 என்ற பழைய முறையில், வேறுபட்ட இரு கோப்புகளுக்கு ஒரே கைரேகை வருவதை 2017இல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அதனால்தான் இன்று எஸ்.எச்.ஏ-256 போன்றவற்றை நாடுகிறோம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் வாப்பா சிரித்தார். மூட்டையிலிருந்து தன் புது அளவு நாடாவை எடுத்து, பழைய இரும்பு மீற்றர் கோலின் மேல் விரித்துக் காட்டினார்.

"புது நாடா வாங்கினா நானும் முதல்ல இதில வச்சுத்தான் பார்ப்பேன். அளவு பிழைச்சா, வாங்குற ஆக்களுக்குத்தானே அநியாயம்?"

நான் பல நாள் படித்து விளங்கியதை வாப்பா ஒவ்வொரு நாளும் செய்துகொண்டுதான் இருக்கிறார். மூன்றாம் நாள் காசோலைப் பணம் கணக்கில் விழுந்தது.