உடம்பே கரண்ட் தரும்!

உங்கள் வீட்டில் அப்பாவுக்கோ மாமனாருக்கோ பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா? அப்படியானால் ‘பேட்டரி தீர்ந்தா என்ன பண்றது?’ என்ற கவலை உங்களுக்குப் புதிதாக இருக்காது.

சர்க்கரை அளவைக் காட்ட கையில் ஒட்டிக்கொள்ளும் சென்ஸார், நாடித்துடிப்பை ஒயர் இல்லாமல் போனுக்கு அனுப்பும் பட்டை என்று உடம்பைக் கண்காணிக்கும் கருவிகள் எவ்வளவோ சின்னதாகிவிட்டன. சுலபத்தில் சின்னதாகாமல் அடம்பிடிப்பது பேட்டரிதான்!

உடம்புக்குள் முழுசாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபரில் பெற்றவர், ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். அப்போது அவருக்கு வயது 43. அந்தக் கருவி சில மணி நேரமே உழைத்தது. அதன்பின் வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றப்பட்டன. ஆனாலும் மனிதர் 86 வயது வரை வாழ்ந்து, 2001-ல்தான் காலமானார்!

இன்றைய பேஸ்மேக்கர் சுமாராக 8 முதல் 12 வருடம் வரை உழைக்கிறது. ஆனால் டார்ச் லைட் மாதிரி பேட்டரியை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கருவியையே மாற்ற வேண்டும். சின்ன ஆபரேஷன்தான். என்றாலும் மறுபடி கத்தி வைக்கும்போது கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம்.

இதற்கு விஞ்ஞானிகள் தேடும் வழி என்ன தெரியுமா? கரண்டை உடம்பிடமிருந்தே வாங்கிக்கொள்வது!

அடுப்படியில் இருக்கிறது ரகசியம்

கேஸ் லைட்டரை ‘டக்’கென்று அழுத்துகிறீர்கள், பொறி பறக்கிறது. பேட்டரி ஏது? உள்ளே இருக்கும் ஒரு பொருள் அடி வாங்கும்போது தானே மின்சாரம் தருகிறது. இதே குணமுள்ள மெல்லிய படலத்தைத் துடிக்கும் இதயத்தின் மேல் வைத்தால்? அமெரிக்க விஞ்ஞானிகள் மாடு, ஆடு போன்ற பிராணிகளிடம் சோதித்து, மின்சாரம் கிடைப்பதை 2014-ல் வெளியிட்டார்கள். அதே வருடம் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆராய்ச்சியாளர்கள், தானாக சாவி ஏறும் கைக்கடிகாரத்தின் இயந்திரத்தைப் பன்றியின் இதயத்தில் பொருத்தி, பேஸ்மேக்கரை இயக்கிக் காட்டினார்கள்.

வெப்பமும் உதவும்

சும்மா உட்கார்ந்திருந்தாலே நம் உடம்பு ஏறக்குறைய 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விடுகிறது. மணிக்கட்டின் சூட்டில் ஓடும் கடிகாரத்தை ஸீக்கோ கம்பெனி 1998-லேயே வெளியிட்டது. ஆனால் ஒரு சிக்கல். மின்சாரம் பிறப்பது சூட்டினால் அல்ல, சூட்டில் உள்ள வித்தியாசத்தால்! ஏ.ஸி. அறையில் நன்றாக வேலை செய்யும் சென்ஸார், அக்னி நட்சத்திர வெயிலில் படுத்துவிடலாம். வெளிக்காற்றும் தோலும் ஒரே சூடாக இருந்தால் கரண்ட் எங்கிருந்து வரும்?

கிடைக்கிற மின்சாரமும் துளித்துளிதான். சொட்டுகிற குழாயில் ராத்திரி முழுக்கக் குடம் பிடிக்கிற கதை! சென்ஸாரும் அப்படித்தான் சேமித்து வைக்கிறது. பெரும்பாலான நேரம் தூங்கி, அவ்வப்போது விழித்து, அளந்து, செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

இதயத் துடிப்பில் ஓடும் பேஸ்மேக்கர் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது. யாராவது ‘பேட்டரியே வேண்டாம்’ என்று ஆசை காட்டினால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

* பேஸ்மேக்கர் பேட்டரி பொதுவாகத் திடீரென்று நிற்காது. சில மாதங்கள் முன்பே செக்கப்பில் தெரிந்துவிடும். அதனால் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று செக்கப்பைத் தள்ளிப்போடவே கூடாது.

* கருவியின் விவர அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

* செல்போனைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்.

* தலைசுற்றல், மயக்கம், மூச்சு வாங்குதல் வந்தால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.