₹330 எப்படி ₹436 ஆனது? பாஸ்புக்கில் ஒளிந்திருக்கும் சாவுக் கணக்கு!

கீரமங்கலம் பூச்சந்தையில் கணக்கு முடித்துவிட்டு, ஜூன் மாதம் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் வரவு செலவு பதிகிறவர்கள் பலருக்கு அந்த வரி கண்ணில் படும்: 436 ரூபாய் பற்று. பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான ஓராண்டு பிரீமியம் அது. சேர்ந்தவர் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். 2015-ல் தொடங்கியபோது பிரீமியம் 330 ரூபாய்தான். 2022 ஜூன் 1 முதல் 436 ஆனது.

ஏன் ஏற்றினார்கள்? மனக்கணக்கே போதும். பழைய 330-ல் ஏஜென்ட், வங்கிச் செலவு போக நிறுவனத்துக்குக் கிடைத்தது 289. ஆயிரம் பேர் சேர்ந்தால் 2,89,000 ரூபாய். வருடத்தில் ஒரு சாவு விழுந்தால் மிச்சம். இரண்டு விழுந்தால் 1,11,000 ரூபாய் நஷ்டம்.

எத்தனை விழும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணக்கு நிபுணரின் வேலை. காப்பீட்டு நிறுவனங்களின் 2012-14 இறப்பு அட்டவணைப்படி, 30 வயதில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் ஒருவர். 50 வயதில் நான்குக்கும் மேல். இந்தத் திட்டத்திலோ எல்லா வயதுக்கும் ஒரே பிரீமியம். இளைஞர்கள் நிறைய சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும்.

கட்டுப்படியாகவில்லை. இடையில் கொரோனாவும் வந்தது. 2022 மார்ச் 31 வரை வசூல் 9,737 கோடி. கொடுத்தது 14,144 கோடி. நூறு ரூபாய் வாங்கி 145 கொடுத்த கதை! இப்போது நிறுவனத்துக்கு 395 போகிறது. ஆயிரம் பேரில் இரண்டு சாவைக் கிட்டத்தட்டத் தாங்கும்.

ஓராண்டுத் திட்டம் என்பதால் பிரீமியத்தை ஏற்ற முடிந்தது. 20 வருட சேமிப்பு பாலிசியில் பாதியில் ஏற்ற முடியாது. அங்கே அடி விழுவது, பின்னால் கொடுப்பதற்காக ஒதுக்கிவைக்கும் கையிருப்பில். 20 வருடம் கழித்து ஒரு லட்சம் கொடுக்க, 7% வட்டி வரும் என்று நம்பினால் இன்று 25,842 ரூபாய் ஒதுக்கினால் போதும். 6% என்று மாற்றினால் 31,180 வேண்டும். அனுமானத்தில் ஒரு சதவிகிதம்தான் மாறியது! அந்த வித்தியாசத்தை நிறுவனம்தான் போட வேண்டும். பழைய பாலிசிதாரருக்கு போனஸ் குறையலாம், புதிதாக எடுப்பவருக்குப் பிரீமியம் கூடலாம்.

ஜீவன் ஜோதி பிரீமியத்தை மே 25 முதல் 31-க்குள் எடுப்பார்கள். அப்போது கணக்கில் 436 இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். மறுபடி சேரலாம், ஆனால், முதல் 30 நாளுக்குள் இறந்தால், விபத்தாக இருந்தால் மட்டுமே பணம் கிடைக்கும்.