முந்திரித் தோப்பும் ஆழ்குழாய்க் கிணறும்

அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள செம்மண் பூமியில் தை, மாசி மாதங்களில் முந்திரி பூத்து நிற்கும்போது, காய் பிடிப்பதற்கு முன்பே தோப்பை அந்தப் பருவத்துக்கு வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டு, ரொக்கத்தை எண்ணி வாங்கிக்கொள்ளும் விவசாயிகள் உண்டு. பனியும் தேயிலைக் கொசுவும் பூவைக் கருக்காமல் விட்டால் சித்திரைக்குள் அதைவிட மிகுதியாகவே தேறும் என்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும் நிச்சயமாக வருவதை, வரக்கூடும் என்பதற்காக இழக்க மனம் ஒப்புவதில்லை.

இம்மனோபாவத்தை டேனியல் கானமன், ஏமாஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு இஸ்ரேலிய மனோதத்துவ அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பரிசோதித்துக் காட்டினார்கள். நிச்சயமாக 3,000 வேண்டுமா, நூற்றுக்கு எண்பது பங்கு சாத்தியமுள்ள 4,000 வேண்டுமா என்று வினவியபோது, 80 சதவீதத்தினர் நிச்சயத்தையே நாடினர். அதே தொகைகளை நஷ்டமாக மாற்றிக் கேட்டதும் நிலைமை தலைகீழாயிற்று: 3,000 நிச்சயமாய்ப் போவதைவிட, 4,000 போனாலும் போகட்டும், ஒருவேளை தப்பினாலும் தப்பலாம் என்று துணிந்தவர்கள் 92 சதவீதத்தினர். கானமனுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

தோப்பைக் குத்தகைக்கு விடுபவரை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரிக் காடுகளைச் சாய்த்ததைப் பார்த்தவர்களுக்கு, மகசூல் வீடு வந்து சேரும்வரை அது மகசூல் அன்று.

அஞ்சத்தக்கது அந்த ஆராய்ச்சியின் மற்றொரு பாதி, நஷ்டத்தின் முன் துணியும் பாதி. மேற்கே பெரம்பலூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில், நீரோட்டம் பார்த்தபோது உள்ளங்கைத் தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போர் போடுகிறார், தோப்புக்காரரைப் போலவே சிக்கனமான ஒருவர். முந்நூறு அடி தாண்டியும் வெண்புழுதிதான் பறக்கிறது. "நிறுத்திடலாமா, அண்ணே?" என்கிறார் போர் வண்டிக்காரர். நிறுத்தினால், அடிக்கு இவ்வளவு என்று கொடுத்த பணம் அத்தனையும் அக்கணமே நஷ்டமென்று ஊர்ஜிதமாகிவிடும். தோண்டிக்கொண்டே இருக்கும்வரையில் அது இன்னும் நஷ்டமாகிவிடவில்லை. ஆழம் கூடக் கூட அடிக்கூலியும் ஏறும் என்பதை முன்பே பேசி முடித்தவர்தாம், மனைவியின் சங்கிலியை மனத்துக்குள் நிறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு அம்பது அடி போங்க" என்கிறார்.