ஒன்பது ஒன்பது முடிந்த பிறகும்

மங்கோலியப் புல்வெளியில் கால்நடை வளர்ப்பவர்கள் குளிர்காலத்தை ஒன்பது ஒன்பதாக எண்ணுகிறார்கள். டிசம்பர் 22-ஐ ஒட்டித் தொடங்கும் 81 நாள் கணக்கு அது. மூன்றாம் ஒன்பதில் மூன்று வயதுக் காளையின் கொம்பு உறையும். ஐந்தில் வெளியே வைத்த சோறு உறையாது. ஆறில் பாதை தெரியும். ஏழில் குன்றுகளின் தலை தெரியும். கணக்குப்படி மார்ச் நடுவில் குளிர் முடிய வேண்டும்.

சாவு மட்டும் அத்துடன் முடிவதில்லை. கோடையில் மழை பொய்த்திருந்தால் ஆடுமாடுகள் உடம்பில் கொழுப்பு ஏறாமலேயே பனிக்குள் நுழைகின்றன. பனி ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் புல்லின்மேல் பனிக்கட்டி பாளமாக மூடிக்கொள்கிறது. சாதாரண ஆண்டில் குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறிக்கொண்டு முன்னே போகும், ஆடுகள் பின்னால் மேயும். பாளம் இறுகிவிட்டால் குதிரைக்கும் வழியில்லை. இந்தப் பேரழிவை மங்கோலியர் ‘ஸுத்’ என்கிறார்கள்.

எலும்பும் தோலுமாகத் தப்பிய ஆடுகள் குட்டி ஈனுவது மார்ச், ஏப்ரலில். பசும்புல் முளைக்க மே மாதம்வரைகூடத் தாமதமாகலாம். மடியில் பால் இராது. பிறந்த குட்டிகளைக் கூடாரத்துக்குள் அடுப்போரம் கிடத்திக் காப்பாற்றுகிறார்கள். நடுவே புழுதிப் புயல் வேறு. மார்ச் 2021-இல் அப்படி வீசிய புயல் மேய்ச்சலுக்குப் போன மனிதர்களையும் கொன்றது.

கோபிப் பகுதியில் ஒட்டகங்கள் ஈனும் பருவமும் இதுதான். ஈன்ற குட்டியைச் சேர்க்க மறுக்கும் தாயை அதன் அருகே கட்டி, குதிரைத்தலை பொறித்த மோரின் ஹூர் என்ற இசைக்கருவியை வாசித்து, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பப் பாடி இளகவைக்கிறார்கள். மந்தையே அழியும் காலத்திலும் ஒரு குட்டிக்காக மணிக்கணக்கில் பாடும் இந்தப் பொறுமை என்னை உலுக்குகிறது. 2015-இல் யுனெஸ்கோ இந்தச் சடங்கை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

2009-10 குளிரில் ஏறக்குறைய 1 கோடி கால்நடைகள் மடிந்தன. 2023-24-இல் 70 லட்சத்துக்கும் மேல். மந்தையை இழந்த குடும்பங்கள் பல உலான்பாட்டர் நகரின் விளிம்பில் கூடாரம் போட்டு, நிலக்கரிப் புகைக்குள் வாழ்கின்றன.

தப்பியவர்களுக்கும் நிம்மதியில்லை. தீவனத்துக்கு வாங்கிய கடனை அடைக்க, வசந்தத்தில் வெள்ளாட்டிலிருந்து சீவி எடுக்கும் காஷ்மியர் ரோமத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால் வெள்ளாடுகள் பெருகின. மேய்ச்சல் நிலம் மேலும் தேய்ந்தது. நிவாரணம் பிணங்களை எண்ணி முடித்தபின் வருவதில் என்ன பயன்? 2020-இல் செஞ்சிலுவைச் சங்கம் முன்னறிவிப்பை நம்பி, கடுங்குளிர் முற்றுமுன்பே பணமும் கால்நடைகளுக்கான சத்துப்பொருள்களும் கொடுத்தது. அரசுகளும் அந்த வேகத்தில் இயங்க வேண்டும். மார்ச்சில் இறங்கும் தீவன மூட்டை, ஜனவரியில் செத்த ஆட்டுக்கு எட்டாது.