குறட்டையும் கர்ப்பிணியின் நலமும்

ஒருவர் குறட்டை விட்டு உறங்கினால், அவர் கவலையின்றி நன்கு உறங்குகிறார் என்று எண்ணுவது நம் கிராமங்களில் வழக்கம். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் எப்பொழுதும் பொருந்தாது. முன்பு குறட்டை விடாத பெண், கருவுற்ற பின் இரவுதோறும் உரத்துக் குறட்டை விடுவாளாயின், வீட்டார் அதனைக் கவனித்தல் வேண்டும்.

கருவுற்ற காலத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவதால் மூச்சு செல்லும் வழி குறுகுகிறது. உடல் எடை கூடுங்கால் தொண்டையும் நெருக்கமாகிறது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. சளி பிடித்தபொழுது சில நாள் எழும் குறட்டைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் சிலருக்கு உறக்கத்தில் தொண்டை அடைபட்டு, மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்று, பின்னர் திணறலுடன் மீளுகிறது. ஓரிரவில் பன்முறை இவ்வாறு நிகழக்கூடும். அதனால் உறக்கம் கலைவதுடன், இரத்தத்தில் பிராணவாயுவும் குறையக்கூடும்.

அமெரிக்காவில் முதன்முறை தாய்மையுறும் 3,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கருவுற்ற தொடக்கத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேருக்கும், நடுமாதங்களில் 8 பேருக்கும் உறக்கத்தில் மூச்சுக் கோளாறு காணப்பட்டது. இத்தகையோருக்கு இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் தோன்றும் வாய்ப்பு மிகுதி என்றும் தெரியவந்தது. கர்ப்பகால இரத்தக் கொதிப்பு முற்றினால் வலிப்புக் கண்டு, தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

உறங்குபவள் தன் குறட்டையைக் கேட்பதில்லை; மூச்சு நிற்பதையும் அவள் அறியாள். அருகில் இருக்கும் கணவரோ, தாயாரோ, மாமியாரோதான் அறிய இயலும். ஆகவே, மூச்சு நின்று திணறுவதைக் கண்டாலும், இரவுதோறும் குறட்டை கேட்டாலும், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ அவர்களே சொல்லுதல் வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மருத்துவர் கவனிப்பு அவசியம். கடுந்தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றினால் தாமதியாது 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது நன்று. தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்திக் கொள்ளலாம். வீட்டினுள் பீடி, சுருட்டுப் புகை கூடாது. மருத்துவரைக் கேளாமல் தூக்க மாத்திரை உட்கொள்ளலாகாது. எடை கூடுகிறதென்று உணவைக் குறைத்துக் கொள்வதும் தவறு. கோளாறு உறுதிப்பட்டால், முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சு வழியைத் திறந்து வைக்கும் கருவி உண்டு. கர்ப்பிணிகளும் அதனை அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபைக் கூட்டங்களில் இச்செய்தியை ஆண்மக்களுக்கும் எடுத்துரைப்பார்களாக. கர்ப்பிணியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் உழவர் பெருமக்கள் வாயிலில் நின்றுவிடாமல், இரவில் தாம் கேட்டதையும் கண்டதையும் செவிலியரிடம் தெரிவித்தல் நலம். அச்சிறு சொல் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.